‘மருந்து குடித்தார்’ என்றால் எந்தக் குறியீடு?

மருத்துவக் கோடிங், அதாவது நோயாளியின் கோப்பில் உள்ளதைக் குறியீடுகளாக மாற்றும் வேலை, படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “விஷம் உட்கொண்ட நோயாளிக்கு டி36 (T36) முதல் டி65 வரை இத்தனை குறியீடுகள். புத்தகத்தில் படித்தால் புரிகிறது, கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தால் குழம்பிவிடுகிறது. நடைமுறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது?”

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆவண அறையில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். இப்போது வீட்டிலிருந்தே அமெரிக்கக் கோப்புகளுக்குக் கோடிங் செய்கிறேன். உங்கள் குழப்பத்தில் பாதி, நம் பக்கத்தில் ‘மருந்து’ என்ற ஒரு சொல் படுத்தும் பாடு என்பது என் அனுபவம்.

ஐசிடி-10 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் டி36 முதல் டி50 வரை மருந்தாகப் பயன்படும் பொருள்களால் வரும் நஞ்சேற்றம். தூக்க மாத்திரை, பாராசிட்டமால், இன்சுலின் எல்லாம் இதில் அடங்கும். டி51 முதல் டி65 வரை மருந்தல்லாதவை. சாராயம், மண்ணெண்ணெய், அமிலம், பூச்சிக்கொல்லி, பாம்பு விஷம் ஆகியவை இங்கே வரும். இந்த வேலியைத் தாண்டக் கூடாது. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் வயலுக்கு அடிப்பதும் மருந்து, வயிற்று வலிக்குக் குடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு இது. வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்த இளம் மருத்துவர் ஒருவர் சேர்க்கைக் குறிப்பு எழுதியிருந்தார். “மருந்தைக் குடித்துவிட்டான்” என்று நோயாளியின் அண்ணன் சொன்னதை, அகராதி காட்டியபடியே ‘மெடிசின்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். நான் டி50.9 போட்டேன், அதாவது ‘குறிப்பிடப்படாத மருந்து’. எங்கள் மூத்த கோடர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பினார். மருந்து அட்டையில் அட்ரோபின், அடுத்த வரியில் பிராலிடாக்ஸைம். பூச்சிக்கொல்லி குடித்தவருக்குக் கொடுப்பவை அவை. “பார்த்தாயா?” என்றார். உடனே பூச்சிக்கொல்லிக்குரிய டி60.0 என்று மாற்றப் போனேன், அதற்கும் திட்டு விழுந்தது. சிகிச்சையைப் பார்த்து நோயை ஊகித்துக் குறியீடு போடுவது கோடரின் வேலை இல்லை. மருத்துவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும், அவர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் குறியீடு மாறும்.

பூச்சிக்கொல்லி என்று தெரிந்த பிறகும் டி60-க்குள் அடுத்த அடி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் இரண்டும் டி60.0. எண்டோசல்பான் போன்ற குளோரின் வகை டி60.1. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்ததால் பழைய கோப்புகளில்தான் பார்ப்பீர்கள். சைபர்மெத்ரின் போன்றவை டி60.2, களைக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் டி60.3, எலி மருந்து டி60.4. ஒன்றுமே தெரியாவிட்டால் டி60.9. அந்த 9-இல் போய் விழாமல் இருக்க ஒரே வழி பாட்டில். வீட்டார் கொண்டுவந்த பாட்டிலில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும், அதன் கீழே வேதிப்பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். நமக்கு வேண்டியது அந்தப் பொடி எழுத்து. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று இருக்கும் வண்ண அடையாளம் நஞ்சின் கடுமையைத்தான் சொல்லும், வகையைச் சொல்லாது. சில பாட்டில்களில் குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்தே இருக்கும். அமெரிக்கக் கோடிங்கில் அப்போது இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு.

நம் ஊருக்கே உரிய இன்னொரு பொறி அரளிக்கொட்டை. அதன் நஞ்சு டிகாக்சின் மாத்திரையைப் போலவே இதயத்தைத் தாக்கும் என்பதால், படித்த பிள்ளைகள் டி46.0 என்று இதய மருந்துப் பக்கம் போய்விடுகிறார்கள். உள்ளே போனது ஒரு செடியின் கொட்டை, ஆகவே டி62.2.

இதுவரை ‘எது உள்ளே போனது’ என்பதற்கு விடை. ‘எப்படிப் போனது’ என்பதுதான் கடினம். டி வரிசையோடு இன்னொரு குறியீடும் சேர வேண்டும். பூச்சிக்கொல்லி தவறுதலாக என்றால் எக்ஸ்48, தானே வேண்டுமென்றே என்றால் எக்ஸ்68, பிறர் கொடுத்தது என்றால் எக்ஸ்87, தீர்மானிக்க முடியாவிட்டால் ஒய்18. நோயாளி இறந்துவிட்டால் மரணப் புள்ளிவிவரத்தில் அடிப்படைக் காரணமாக நிற்பது இந்த இரண்டாவது குறியீடுதான், டி அல்ல.

ஒரு மார்கழியில் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பிசானப் பயிருக்கு மருந்து அடிக்கப் போனவர். முதுகில் மாட்டும் டேங்க் கசிந்து சட்டை நனைந்ததைக் கவனிக்காமல் வெயில் ஏறும்வரை அடித்திருக்கிறார், வரப்பிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். நான்காம் நாள் இன்சூரன்சுக்காக நகல் வாங்க அவர் மனைவி ஆவண அறைக்கு வந்தார், கூடவே பள்ளிச் சீருடையில் மகள். அந்தப் பெண் தாளை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஒரு சொல்லில் விரல் நின்றது. ‘கன்ஸ்யூம்டு’. “அம்மா, அப்பா குடித்தார் என்று போட்டிருக்கிறது.” அந்த அம்மாவின் முகம் வெளுத்ததை இன்றும் மறக்கவில்லை. “மருந்து அடிக்கப் போனவர்தான் தம்பி. சாமி சத்தியமாகக் குடிக்கவில்லை” என்றார்.

கோப்பில் எக்ஸ்68 என்று நான்தான் போட்டிருந்தேன். அது எனக்கே உறைத்தது. அந்த வார்டில் வருகிறவர்கள் பெரும்பாலும் குடித்தவர்கள், அதனால் இவரும் அப்படித்தான் என்று கை தானாக எழுதிவிட்டது. கேஸ் ஷீட்டில் ‘குடித்தார்’ என்று இருந்ததே தவிர, ‘வேண்டுமென்று’ என்று யாரும் எழுதவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் படுக்கைக்கே போய் நோயாளியிடம் விசாரித்தார், பழைய வரியை வாசிக்கும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் திருத்தம் எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார். டி60.0 அப்படியே இருந்தது. எக்ஸ்68 போய் எக்ஸ்48.7 வந்தது. கடைசி 7, நடந்த இடம் வயல் என்பதைக் குறிக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். “தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டாள்” என்று வீட்டார் ஒரே குரலில் சொல்வார்கள், நோயாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். போலீஸ் பயம், ஊர் வாய்ப் பயம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவும் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. அந்த வீட்டில் நடந்தது என்ன என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? மருத்துவர் எழுதியதுதான் நமக்குக் கணக்கு. இப்படிப்பட்ட கோப்புகளை நாள் முழுக்கப் படிப்பது மனதை அரிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசின் மனநல உதவி அழைப்பான ‘டெலி மானஸ்’ எண் 14416-ஐ நானே அழைத்துப் பேசிய மாதம் ஒன்று உண்டு.

அமெரிக்க வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்றால் ஒரு வேறுபாடு. அங்கே நோக்கம் டி குறியீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்: 1 தவறுதல், 2 தனக்குத் தானே, 3 பிறர், 4 தீர்மானிக்க முடியாதது. கோப்பில் நோக்கம் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் 1 போட வேண்டும். தீர்மானிக்க முடியவில்லை என்று மருத்துவரே எழுதியிருந்தால் மட்டும் 4. இந்த விதி எனக்குப் பிடிக்காது, மௌனத்தை விபத்தாக்கிவிடுகிறது. பிடிக்காவிட்டாலும் விதி விதிதான்.

‘மருந்து’ இன்னும் முடியவில்லை. வாந்தியோடு வந்த ஒரு பையனின் தாய், “யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்” என்று அழுதார். இடுமருந்தை, அதாவது வசிய மருந்தை, அவர் சொல்கிறார். அது ‘அடையாளம் தெரியாத நபர் விஷம் கொடுத்ததாகக் கூறப்படுகிறது’ என்று ஆங்கிலத்தில் ஏறி, போலீசுக்குத் தகவலும் போய்விட்டது. பையன் சாப்பிட்டது கெட்டுப்போன பரோட்டா சால்னா.

கடைசியாக, ‘பூச்சி’. ராத்திரியில் பாம்பு என்று பெயர் சொல்லக் கூடாது என்பதால் நம் பக்கத்தில் “பூச்சி கடித்துவிட்டது” என்பார்கள். அதைப் பூச்சிக்கடி என்று எழுதி டி63.4 போட்டுவிட்டால், பாம்புக்கடியான டி63.0 கணக்கிலிருந்து ஒரு ஆள் காணாமல் போவார். கடித்தது என்னவென்றே தெரியாவிட்டால் டி63.9. அவசரப் பிரிவில் இருந்த மூத்த செவிலியர் அக்கா, “கால் இருக்கிற பூச்சியா, கால் இல்லாத பூச்சியா?” என்று கேட்டுத்தான் சீட்டில் எழுதுவார். ஒருமுறை களக்காட்டுப் பாட்டி ஒருவர் அதற்கும் வாய் திறக்கவில்லையாம். “விடியட்டும் தாயி, சொல்கிறேன்” என்றாராம்.