பாட்காஸ்ட் சர்வே: 64 பேர் சொன்னா கேக்கணுமா? (கடிதம்)

வணக்கம் சார்,

நானும் என் நண்பனும் சேந்து அறிவியல் பாட்காஸ்ட் ஒண்ணு பண்றோம். ஒரு எபிசோடு முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரத்தையும் தாண்டிரும். எபிசோடுக்கு சராசரியா 1,800 டவுன்லோடு வருது. யாரு கேக்கறாங்கன்னே தெரியலையேன்னு 27 கேள்வியோட ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு, ஒவ்வொரு எபிசோடு முடிவுலயும் "லிங்க் கீழ இருக்கு, ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க"ன்னு சொன்னோம். 64 பேர் நிரப்பியிருக்காங்க. அதுல 41 பேர் நீளம் அதிகம், 20 நிமிஷமா குறைங்கன்றாங்க. ஆனா இதுவரைக்கும் அதிகமா டவுன்லோடு ஆனது எங்களோட ரொம்ப நீளமான எபிசோடுதான்! நண்பன் சர்வேயைத் தூக்கிப் போடுங்கறான். கேட்டுட்டு செய்யலன்னா நல்லாருக்காதுன்னு நான் சொல்றேன். அடுத்த தடவை குலுக்கல்ல ஹெட்போன் பரிசுன்னு அறிவிச்சா நிறைய பேர் வருவாங்களோன்னும் ஒரு யோசனை. இதுக்கு நடுவுல ஸ்பான்சர் ஒருத்தர் கேக்கறவங்களோட வயசு விவரம் வேற வேணும்கறார். ஃபார்மையும் பதில்களையும் இணைச்சிருக்கேன், பாத்து சொல்லுங்க.

ர.

அன்புள்ள ர.,

ஃபார்ம், பதில் ஷீட் ரெண்டையும் முழுசா படிச்சேன். உங்க சண்டையில நான் யார் பக்கமும் இல்ல. ஆளுக்கொரு நம்பரைக் கையில வெச்சுகிட்டு மல்லுக்கு நிக்கறீங்க, ஆனா அந்த ரெண்டு நம்பருமே நீளத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

முதல்ல உங்க நண்பரோட நம்பர். டவுன்லோடுங்கறது கேட்டதுக்குக் கணக்கு இல்ல. ஐஏபிங்கற இணைய விளம்பரத் துறை அமைப்போட வழிகாட்டுதல்படி ஒரு நிமிஷ ஆடியோ அளவுக்கு ஃபைல் இறங்கினாலே ஒரு டவுன்லோடுதான், அதை யாராவது ப்ளே பண்ணாங்களாங்கறது அந்தக் கணக்குல வராது. ஒரே ஆள் ஃபோன்லயும் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் இறக்கினா ரெண்டாயிரும். 2023ல ஐஓஎஸ் 17 வந்தப்ப ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஆள் கேக்காம விட்டுட்ட ஷோவுக்கெல்லாம் தானா இறக்கிகிட்டே இருக்கறதைக் குறைச்சுது, உடனே நிறைய ஷோக்களோட நம்பர் சரிஞ்சுது. கேக்கறவங்க யாரும் ஓடிப்போகல, கேக்காத ஃபோன்ல ஃபைல் சேர்றது நின்னுது, அவ்வளவுதான். உங்க நீளமான எபிசோடு தலைப்பு கருந்துளை பத்தி. தலைப்பைப் பாத்துதான் இறக்கியிருப்பாங்க, நீளம்னு தெரிஞ்சா இறக்கினாங்க?

இப்ப உங்க 64. நூத்துக்கு நாலு பேர் கூட இல்லங்கறது கூட எனக்குப் பெரிய விஷயமில்ல. எல்லாருக்கும் சம வாய்ப்பு குடுத்து குலுக்கி எடுத்த 400 பேர் பதில் சொன்னா, முன்னபின்ன 5 சதவீதத்துக்குள்ள நிஜம் தெரிஞ்சிரும், அது புள்ளியியல் சொல்றது. ஆனா நீங்க குலுக்கி எடுக்கல, அவங்களா வந்தாங்க, அப்படி வந்த ஆளுங்க எத்தனை ஆயிரம் இருந்தாலும் அந்தக் கணக்கு செல்லாது. 1936ல அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னாடி லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்புச்சு, 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்துது, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார்னு அடிச்சு சொன்னாங்க. அப்ப அதிபரா இருந்த ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டுப் போனார். விலாசம் எடுத்தது டெலிஃபோன் டைரக்டரியும் கார் பதிவு லிஸ்டும் மாதிரி இடங்கள்லேருந்து, அது ஒரு கோளாறு. அதைவிட முக்கியமா, சீட்டைத் திருப்பி அனுப்பறதுக்கு அக்கறை இருந்தவங்களும் அனுப்பாதவங்களும் வேற வேற ஆளுங்க. அதே தேர்தலை அதைவிட ரொம்பச் சின்ன சர்வேயை வெச்சு ஜார்ஜ் கேலப்னு ஒரு கருத்துக்கணிப்பாளர் சரியா சொல்லிட்டார்.

உங்க கேஸ்ல என்னன்னா, லிங்க்கை எபிசோடு கடைசியில சொல்றீங்க. கடைசி வரைக்கும் இருந்தவங்களுக்குத்தான் அது காதுல விழும். இருபதாவது நிமிஷத்துல நிறுத்திட்டுப் போனவருக்கு இப்படி ஒரு சர்வே இருக்கறதே தெரியாது. வகுப்புக்கு வந்த பசங்களைப் பாத்து ஏன்டா வரலன்னு கேக்கற வாத்தியார் கதைதான். இதுல வேடிக்கை என்னன்னா, முழுசா கேட்ட ஆளுங்களே நீளம்னு சொல்றாங்க, அப்ப அதை சும்மா தள்ளிரவும் முடியாது. ஆனா "நீளம்"னா என்னன்னு நீங்க கேக்கவே இல்லயே.

ஷீட்ல 38வது வரிசையைப் பாருங்க. கடைசிப் பெட்டியில ஒருத்தர் எழுதியிருக்கார்: "பாத்திரம் தேய்க்கறப்ப கேப்பேன். கை ஈரமா இருக்கும், தள்ள முடியாது. நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசற அரட்டை ஓடி முடியறதுக்குள்ள பாதி பாத்திரம் முடிஞ்சிரும்." இந்த ஆளும் 41ல ஒருத்தர், 20 நிமிஷம்னுதான் டிக் அடிச்சிருக்கார். அவருக்கு வேண்டியது 20 நிமிஷ எபிசோடா, அரட்டை இல்லாத எபிசோடா? என்னைக் கேட்டா அந்த ஒரு வரி உங்க மத்த 26 கேள்வியை விட உருப்படியானது. நீங்க டிக் அடிச்சதை மட்டும் எண்ணி பை சார்ட் போட்டிருக்கீங்க, எழுதினதை எண்ணல. உக்காந்து அந்தப் பெட்டியை முழுக்கப் படிங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "அரட்டை", "ஆடியோ சரியில்ல", "நேரமில்ல"ன்னு ஒரு குறிப்பு போட்டுகிட்டே வாங்க, 64தானே, ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிரும்.

அப்புறம் பாட்காஸ்ட் பண்றவங்களுக்குன்னு ஆப்பிள் வெச்சிருக்கற ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட்ல ஒரு எபிசோடை எத்தனை பேர் எது வரைக்கும் கேட்டாங்கன்னு கிராஃப் இருக்கும், ஸ்பாட்டிஃபை டாஷ்போர்டுலயும் இருக்கு, திறந்து பாத்தீங்களா? எந்த இடத்துல ஆள் கழண்டுக்கறாங்கன்னு அது காட்டும். ஏன்னு காட்டாது. அந்த ஏனுக்குத்தான் சர்வே. கோடு அஞ்சாவது நிமிஷத்துலயே சரிஞ்சா அது நீளத்தோட பிரச்சினையே இல்ல.

கேள்விகளுக்கு வரேன். நாலாவது கேள்வி, "எங்கள் எபிசோடுகள் சுவாரசியமாகவும் எளிமையாகவும் உள்ளனவா?" சுவாரசியமா இருக்கு ஆனா புரியலங்கறவர் எதை அடிப்பார்? ரெண்டு கேள்வியைப் பிணைச்சு ஒண்ணா கேட்டிருக்கீங்க. தவிர நேருக்கு நேர் "நல்லா இருக்கா"ன்னா யாரும் முகத்துல அடிச்ச மாதிரி இல்லன்னு சொல்ல மாட்டாங்க. "என்ன தலைப்பு பேசலாம்?"னு கேட்டதுக்கு எல்லாரும் கனமான விஷயமா சொல்லியிருக்காங்க பாருங்க, தான் எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்னு ஆசைப்படறாங்களோ அதை எழுதுவாங்க, எதைக் கேப்பாங்கங்கறது வேற. அதனால ஆசையைக் கேக்காதீங்க, நடந்ததைக் கேளுங்க. கடைசியா எந்த எபிசோடைக் கேட்டீங்க, எங்க நிறுத்தினீங்க, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க. முதல் தடவை எங்களைப் பத்தி யார் சொன்னாங்க. எங்களைத் தவிர வேற என்ன பாட்காஸ்ட் கேக்கறீங்க. இந்த மாதிரி ஏழெட்டு போதும், அதோட எழுதறதுக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு கேள்வி எழுதறப்பவும் இதுக்கு இப்படி பதில் வந்தா நாம எதை மாத்துவோம்னு உங்களையே கேளுங்க, ஒண்ணும் மாறாதுன்னா அந்தக் கேள்வியைத் தூக்கிருங்க. உங்க ஃபார்ம்ல பாதி அப்படித்தான் போகும்னு நினைக்கறேன்.

ஃபோன் நம்பர் கட்டாயம்னு வெச்சிருக்கீங்க, அதை இன்னிக்கே எடுங்க. நம்பரைக் குடுத்துட்டு எவன் குறை சொல்வான்? வயசு, வேலை எல்லாம் கடைசியில, விருப்பப்பட்டா மட்டும். அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேரைப் பக்கத்துல உக்கார வெச்சு சத்தமா படிச்சுகிட்டே நிரப்பச் சொல்லுங்க, எங்க முழிக்கறாங்கன்னு பாத்தா எந்தக் கேள்வி சொதப்பல்னு தெரிஞ்சிரும். அறிவிப்பை முதல் சில நிமிஷத்துக்குள்ள, வாயால சொல்ற அளவுக்குச் சின்ன லிங்க்கா சொல்லுங்க.

ஹெட்போன் வேண்டவே வேண்டாம். பரிசுன்னதும் அந்த லிங்க் எங்கெங்கயோ ஃபார்வர்டு ஆகும், உங்க பாட்காஸ்ட் பேரே தெரியாதவன் 27 கேள்வியையும் ஒரே ஓட்டமா அடிச்சுட்டுப் போவான், அப்புறம் அதுல யாரு நிஜமா கேக்கறவன்னு பிரிக்கவே முடியாது. ஏதாவது குடுத்தே ஆகணும்னா வெளியிடாத எபிசோடு ஒண்ணு குடுங்க, கேக்கறவனுக்கு மட்டும்தான் அது வேணும்னு தோணும்.

விட்டுட்டுப் போனவங்களைப் பிடிக்க ஃபார்ம் உதவாது. முன்னாடி அடிக்கடி கமெண்ட் போட்டுட்டு இருந்து காணாமப் போனவங்க நாலஞ்சு பேராவது இருப்பாங்களே, அவங்களுக்குத் தனியா மெசேஜ் அனுப்பி பேச முடியுமான்னு கேளுங்க. பேசறப்ப உங்க பாட்காஸ்டுக்கு வக்காலத்து வாங்காதீங்க, அதுதான் கஷ்டம். நண்பரை இதுக்கு அனுப்பாதீங்க, அவர் சண்டை போட்டுட்டு வருவார்னு தோணுது.

ஸ்பான்சருக்கு "எங்க நேயர்கள்ல இத்தனை சதவீதம்"னு எழுதாதீங்க. "சர்வேக்கு பதில் சொன்ன 64 பேர்ல இத்தனை பேர்"னு எழுதுங்க. வயசு, ஆண் பெண் விவரம் ஸ்பாட்டிஃபை டாஷ்போர்டுலயே கிடைக்கும், அங்க கேக்கறவங்களுக்கு மட்டும்தான்னு ஒரு வரி போட்டு அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் சேத்து அனுப்பிருங்க.