வேனுக்குள் வீட்டு ஃபிரிட்ஜ்: பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பழைய வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துவிட்டோம். அம்மா அப்பாவோடு மூன்று நாள் நவக்கிரகக் கோயில்களைச் சுற்றி வர ஆசை. அம்மாவுக்கு இன்சுலின் உண்டு. வீட்டிலிருக்கும் 190 லிட்டர் ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜை, 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓட்டலாமா?”

ராத்திரி தாங்கும். மறுநாள் மதியம் கை விரித்துவிடும்.

கணக்கு இதுதான். ஏ.ஹெச். என்பது ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு. 150 ஏ.ஹெச்.-ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். வீட்டு இன்வெர்ட்டர்களுக்கு வழக்கமாக வைக்கும் ஆசிட் ஊற்றிய டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 0.9 யூனிட். ஃபிரிட்ஜின் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 180 யூனிட் என்று இருந்தால் நாளுக்கு அரை யூனிட்தான். ஆனால் சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் அது ஒரு யூனிட் கேட்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் மறப்பது இன்வெர்ட்டரின் சொந்தச் சாப்பாடு. சும்மா ஆன் செய்து வைத்தாலே 15 வாட் இழுத்தால், நாளுக்கு 0.36 யூனிட் போச்சு. ஆக 1.36 யூனிட் தேவைக்கு 0.9 இருக்கிறது, ஏறக்குறைய 16 மணி நேரம். இரவு எட்டுக்கு முழு சார்ஜில் தொடங்கினால் மறுநாள் பன்னிரண்டு மணி. சரியாக அப்போதுதான் கோயில் நடை சாத்துவார்கள், வேனும் வெயிலில் நிற்கும்.

ஓடும்போது சார்ஜ் ஏறாதா என்பீர்கள். சூரியனார்கோயிலிலிருந்து கஞ்சனூர் சில கிலோமீட்டர்தான்; அதற்குள் என்ன ஏறும்? கூரையில் 300 வாட் சோலார் போட்டால் நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட் வரை எதிர்பார்க்கலாம். ஆனால் புளியமரத்து நிழலில் நிறுத்தினால் ஃபிரிட்ஜுக்குச் சுகம், பேனலுக்குப் பட்டினி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் கிடையாது.

என்னைக் கேட்டால், டியூபுலரை வேனில் ஏற்றவே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், குலுங்கினால் ஆசிட் சிந்தும். அதன் பக்கத்தில் பெரியவர்களைப் படுக்க வைப்பதா? அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 1.5 யூனிட் எடுக்கலாம். இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்ட் போலவே சீரான மின்சாரம் தரும் சைன் வேவ் வகையாக இருக்கட்டும்; விலை மலிவான ஸ்கொயர் வேவ் வகையில் கம்ப்ரஸர் உறுமும், சூடேறும். கிளம்பும் நொடியில் கம்ப்ரஸர் பல மடங்கு இழுக்கும் என்பதால் 100 வாட் ஃபிரிட்ஜுக்கும் 800 வாட்டுக்குக் குறையாத இன்வெர்ட்டர் வாங்குங்கள். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.

அப்புறம், முதல் நாள் இரவே வீட்டுக் கரண்டில் ஃபிரீஸர் நிறைய தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மதியம் இன்வெர்ட்டரை இரண்டு மணி நேரம் அணைத்தாலும் கதவைத் திறக்காதவரை குளிர் நிற்கும். இரவு தங்குமிடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டுச் சார்ஜ் போடுங்கள். இன்சுலினைக் கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள். ஃபிரீஸரை ஒட்டி வைத்து உறைந்துபோனால் அந்த மருந்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.