ஆடுகளம் கேள்வி–பதில்: முதலாண்டு மாணவரின் முதல் ஆட்டம்

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துப் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிவிடும். பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் நெல்லைச் சீமை வாசகர்கள் சிலர் இம்முறை ஒரே பொருளைப் பற்றி எழுதியிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் கல்லூரியில் முதலாண்டுப் பையன் ஒருவன் குவார்ட்டர்பேக்காக இறங்கி முதல் ஆட்டத்திலேயே ஜெயித்துக் கொடுத்துவிட்டான், ஊரே தூங்கவில்லை" என்றான். கால்பந்தில் கோலியைத் தெரியும், ஃபார்வர்டைத் தெரியும். இந்தக் குவார்ட்டர்பேக் யார்? ஒரு பையன் நன்றாக ஆடியதற்கு ஊர் ஏன் விழித்திருக்க வேண்டும்?
— ஒரு தந்தையார், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகன் சொல்வது நம் கால்பந்து அன்று. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால் ஆடுவது. தேங்காயைப் போல இரு முனையும் கூம்பிய பந்து. களம் 100 கெஜ நீளம், இரு முனைகளிலும் பத்துப் பத்துக் கெஜம் கூடுதல். ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. அந்த நான்குக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு, இல்லையேல் பந்து எதிரணிக்கு. இப்படி அடி அடியாக நகர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளிகள்.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேரும் கை பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் கை. நம் ஊர் வாலிபால் அணியில் செட்டருக்கு இருக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்துப் பெயர் வாங்குபவர் வேறொருவராக இருந்தாலும், யாருக்கு, எந்த உயரத்தில், எந்த வேகத்தில் தூக்கிக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் செட்டர்தானே? அதே வேலைதான், ஒரு வேறுபாடு, வாலிபாலில் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் நம் செட்டரைத் தள்ளிக் கீழே சாய்க்க முடியாது. இங்கே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அதற்காகவே பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுக்கத் தம் பக்கத்து ஐவர் முன்னால் நிற்க, கிடைக்கிற இரண்டரை அல்லது மூன்று விநாடிக்குள், தாமே ஓடுவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடுகிறவருக்கு எறிவதா என்பதை அவர் தீர்மானிக்க வேண்டும். எறிந்த பந்து எதிரணியின் கையில் விழுந்தால் பழி முழுவதும் அவருக்கே.

ஊர் ஏன் விழித்திருந்தது என்பதற்கு வருகிறேன். அங்கே பல கல்லூரிகள் சிறிய ஊர்களில் இருக்கின்றன; சனிக்கிழமை ஆட்டம் என்பது அந்த ஊருக்கு நம் ஆனித் தேரோட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள். முந்திய மே மாதத்தில் பள்ளி இறுதி வகுப்பை முடித்த ஒரு பையன், அத்தனை பேரின் கூச்சலுக்கு நடுவில், தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த பத்துப் பேருக்குக் கட்டளை சொல்லி நடத்துகிறான் என்றால் அதைக் கொண்டாடத்தான் செய்வார்கள். இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு நம்முடன் இருப்பான் என்ற கணக்கும் அதில் உண்டு.

கேள்வி: ஜேமிஸ் வின்ஸ்டன் என்பவரின் முதல் ஆட்டத்தைப் போல இன்னொன்று இல்லை என்று படித்தேன். அது உண்மையா? முதல் ஆட்டத்தை எதை வைத்து மதிப்பிடுவது?
— கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: மிகச் சிறந்த முதல் ஆட்டங்களில் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. 2013 செப்டம்பர் 2, ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்காகப் பிட்ஸ்பர்க் நகரில், அதாவது எதிரணியின் ஊரில், வின்ஸ்டன் முதன்முறையாக இறங்கினார். 27 முறை எறிந்தார். 25 முறை பந்து உரியவர் கையைச் சேர்ந்தது. 356 கெஜம், எறிந்து நான்கு டச்டவுன், தாமே ஓடி ஒன்று. ஆட்டம் 41–13. அந்தப் பருவத்தில் அவரது அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசிய சாம்பியன் ஆனது. சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் அவருக்கே கிடைத்தது.

ஆனால் ஒரு விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர் பள்ளியிலிருந்து நேராகக் களத்துக்கு வந்தவர் அல்லர். 'ரெட்ஷர்ட்' என்றொரு ஏற்பாடு அங்கே இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அணியோடு பயிற்சி மட்டும் செய்து, ஆடும் தகுதியில் ஓர் ஆண்டும் குறையாமல் மறு வருடம் களம் இறங்கலாம். வின்ஸ்டன் 2012 முழுவதையும் அப்படிக் கழித்தவர். 2018 முதல் இந்த விதியைத் தளர்த்தி, ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்த ஆண்டு கழியாது என்று வைத்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1972-க்கு முன்பு பெரிய கல்லூரிகளின் முதன்மை அணியில் முதலாண்டு மாணவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதே கிடையாது. ஆகவே ஒருவரைப் பற்றி 'முதலாண்டு' என்று படிக்கும்போது, எந்த முதலாண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஐந்து கெஜத்துக்கு எறிந்த பந்தை வாங்கியவர் தம் காலின் திறமையால் நாற்பது கெஜம் ஓடினாலும், 45 கெஜமும் எறிந்தவர் கணக்கில் எழுதப்படும். தவிர, முதல் ஆட்டம் பல நேரங்களில் வலுக்குறைந்த அணியோடு அமைக்கப்படுகிறது. என்னைக் கேட்டால், மூன்றாம் வாய்ப்பில் ஏழெட்டுக் கெஜம் தேவைப்படும் தருணங்களைத் தனியே எடுத்துப் பார்ப்பேன். ஓட்டத்தை நம்ப முடியாது, எறியத்தான் போகிறான் என்று மைதானத்துக்கே தெரிந்திருக்கும் நேரம் அது. அங்கே பந்து போய்ச் சேருகிறதா என்பது 356 கெஜத்தைவிட அதிகம் சொல்லும்.

முதல் மழையைப் பார்த்துப் பிசான விளைச்சலைக் கணக்கிட முடியாது என்பதற்கும் அந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மான்செல் 2012 செப்டம்பரில் ஆடிய முதல் ஆட்டத்தில் அவர் அணி 17–20 என்று ஃபுளோரிடாவிடம் தோற்றது. அதே டிசம்பரில், 1935-இல் தொடங்கிய ஹைஸ்மன் விருதை முதன்முதலில் வென்ற முதலாண்டு ஆட்டக்காரர் அவர்தான்.

கேள்வி: கிராமத்துப் பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறேன். புதுப் பையனை முதல் ஆட்டத்துக்கு அவர்கள் எப்படித் தயார் செய்கிறார்கள்?
— வள்ளியூர் வாசகர்

பதில்: கூட்டிக் கொடுத்து அல்ல, குறைத்துக் கொடுத்துத் தயார் செய்கிறார்கள் என்பதே நான் பார்த்துப் புரிந்துகொண்டது. அணியின் ஆட்ட ஏட்டில் நூற்றுக்கணக்கான திட்டங்கள் இருக்கும். புதியவருக்கு அவற்றில் ஒரு பகுதியை மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளை முன்கூட்டியே எழுதி, அவற்றை அதே வரிசையில் வாரம் முழுவதும் ஆடிப் பழக்குவதும் உண்டு. அப்போது ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களில் அவன் புதிதாக யோசிக்க வேண்டியது மிகக் குறைவு. களம் முழுவதையும் பார்க்கச் சொல்லாமல், வலப்பாதியை மட்டும் பார், இவரைப் பார், இல்லையென்றால் இவரை, இருவரும் இல்லையென்றால் ஓடிவிடு என்று கண்ணுக்கே எல்லை கட்டிவிடுவார்கள். மணிக்கட்டுப் பட்டையில் திட்டங்களின் எண்கள் சிறு எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

2024 முதல் முதல்நிலைக் கல்லூரி அணிகளில், பயிற்சியாளர் பேசுவது களத்திலுள்ள ஒருவரின் தலைக்கவசத்துக்குள் கேட்கும் வசதிக்கும் அனுமதி தந்திருக்கிறார்கள். ஒரு நகர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 40 விநாடிக் கடிகாரம் ஓடுகிறது. அதில் 15 விநாடி மீதமிருக்கும்போது அந்தக் குரல் துண்டிக்கப்படும். அதற்குப் பின் பையன் தனியாள். எதிரணியின் நிற்பு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதும், கூச்சலுக்கு மேலே கத்தித் தன் ஆட்களை இடம் மாற்றுவதும் அந்த 15 விநாடிக்குள் நடக்க வேண்டும். அவனுடைய முதல் ஆட்டத்தின் உண்மையான தேர்வு அந்த இடைவெளிதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இத்தகைய பையன்கள் பலர் பள்ளிப் படிப்பை டிசம்பரிலேயே முடித்துக்கொண்டு ஜனவரியில் கல்லூரிக்கு வந்துவிடுகிறார்கள். வசந்தகாலப் பயிற்சி 15 அமர்வுகள். அது கையில் இருப்பதால், செப்டம்பரில் நாம் திடீரென்று பார்க்கிற பையனுக்கு அணிக்குள் எட்டு மாத வயது ஆகியிருக்கும்.

கேள்வி: இந்த ஆட்டங்கள் நம் நேரப்படி எப்போது நடக்கின்றன?
— தென்காசி வாசகர்

பதில்: செப்டம்பர், அக்டோபரில், அங்கே கிழக்குக் கரையில் சனிக்கிழமை நண்பகல் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 9.30, பிற்பகல் 3.30 ஆட்டம் நள்ளிரவு கடந்து ஒரு மணி. இரவு எட்டு மணி ஆட்டம் ஞாயிறு காலை 5.30. கடைசியதுதான் என் வயதுக்குத் தோதானது.

கேள்வி: முதல் ஆட்டத்தின் முதல் நகர்விலேயே தவறு செய்த ஒருவர் பிறகு பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்று என் பேரன் சொல்கிறான். அப்படி ஒருவர் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சங்கரன்கோவில்

பதில்: உண்டு அம்மா. ஜேலன் ஹர்ட்ஸ். 2016 செப்டம்பர் 3, டெக்சஸில் ஆர்லிங்டன் நகரில், அலபாமா அணிக்கும் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்கும் ஆட்டம். தொடக்கத்தில் இறங்கியவர் வேறொருவர். இடையில் அழைக்கப்பட்ட ஹர்ட்ஸ், வின்ஸ்டனைப் போலக் காத்திருந்தவர் அல்லர், அந்த ஆண்டுதான் பள்ளியிலிருந்து வந்தவர். முதல் நகர்விலேயே பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டார். ஆனாலும் ஆட்டம் முடிந்தபோது எறிந்து இரண்டு, ஓடி இரண்டு என நான்கு டச்டவுன்கள் அவர் பெயரில் இருந்தன. அலபாமா 52–6. அவர் எறிந்து கிடைத்தது 118 கெஜம்தான். வின்ஸ்டனின் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. இருந்தும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

காரணம், நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த நாளில் திசையன்விளைப் பக்கம் ஒரு கோயில் கொடையில் பார்த்தது. இரவுக் கபடி. எங்கள் அணியில் கல்லூரி முதலாண்டுப் பையன் ஒருவன் முதல் தடவை பாடிப் போனான். மூன்று எட்டு வைப்பதற்குள் இடது மூலைக்காரர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். கூட்டம் சிரித்தது. வெளியே வந்து உட்கார்ந்தவன் தலையைக் குனியவில்லை. முழங்காலில் ஒட்டிய செம்மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே, அந்த மூலைக்காரரின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். உயிர் கிடைத்துத் திரும்பியதும் நேராக அதே மூலைக்குத்தான் போனான். பிடிக்கக் குனியும்முன் அவர் வலது குதிகாலைத் தூக்குவார் என்பதைக் கண்டுகொண்டிருக்கிறான். குதிகால் எழுந்த நொடியில் தோளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிட்டான். ஹர்ட்ஸ் பந்தை நழுவவிட்ட பிறகு ஓரத்தில் நின்ற சில நிமிடங்களில் என்ன பார்த்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செம்மண் முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: ஐயா, என் மகன் இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்தான். வாலிபால் அணியில் செட்டர். முதல் ஆட்டத்தில் எல்லோரும் மெச்சும்படி ஆடினான். அடுத்ததில் பாதியிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான். நான் என்ன செய்ய?
— ஒரு தாயார், பெருமாள்புரம்

பதில்: மேலே சொன்ன ஹர்ட்ஸின் கதையில் மிச்சம் இருக்கிறது. 2018 ஜனவரி 8, தேசிய இறுதி ஆட்டம். முதல் பாதியில் அலபாமா ஜார்ஜியாவிடம் 0–13 என்று பின்தங்கியது. இடைவேளையில் பயிற்சியாளர் நிக் சேபன் ஹர்ட்ஸை வெளியே எடுத்துவிட்டு, துவா தாகோவைலோவா என்ற முதலாண்டுப் பையனை இறக்கினார். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் ஆட்டத்துக்குப் போனது. அதில் அந்தப் பையன் முதல் நகர்விலேயே பின்னால் ஓடிப் பிடிபட்டு 16 கெஜம் இழந்தான். அடுத்த நகர்வில் 41 கெஜத்துக்கு எறிந்து ஆட்டத்தையே முடித்துவிட்டான், 26–23. அந்தப் பந்தை வாங்கிய டெவான்டா ஸ்மித்தும் முதலாண்டு மாணவர்தான்.

நாடே பார்க்க இடத்தை இழந்த ஹர்ட்ஸ், அடுத்த பருவம் முழுவதும் அதே அணியில் இரண்டாம் ஆளாகப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். அந்த டிசம்பரில் அதே ஜார்ஜியாவுக்கு எதிராகத் துவா காயம்பட்டு வெளியேற, 21–28 என்று பின்தங்கியிருந்த அணியைக் கடைசிக் கால் பகுதியில் ஹர்ட்ஸ் 35–28 என்று வெல்ல வைத்தார். 2025 பிப்ரவரியில் தொழில்முறை இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

இதையெல்லாம் இப்போது உங்கள் மகனிடம் சொல்ல வேண்டாம் அம்மா. அறையைப் பூட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு அடுத்தவன் கதை எரிச்சலைத்தான் தரும். அவனுடைய பயிற்சியாளரை நீங்கள் போய்ப் பார்க்கவும் வேண்டாம். அது அணியில் அவனைக் கேலிக்கு ஆளாக்கும். பதினெட்டு வயதில் ஒரு நல்ல ஆட்டத்துக்குப் பின் ஒரு மோசமான ஆட்டம் வருவதும், செட்டரைப் பாதியில் மாற்றுவதும் எல்லா அணிகளிலும் நடப்பவை. அதற்கும் அவன் திறமைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அவன் வெளியே வரும்போது, எதுவும் நடக்காததுபோல, நாளைக்குப் பயிற்சி காலையிலா மாலையிலா, டிபன் எத்தனை மணிக்கு வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.