வால்டேரின் வாத்தியார்களை விரட்டியது யார்?

கேள்வி: வால்டேர், டிடெரோ போன்ற 18-ம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர்களே, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் பள்ளிகளில் படித்தவர்களாமே. பிறகு ஏன் பிரான்ஸ் அந்தப் பள்ளிகளை இழுத்து மூடியது? பாடம் சரியில்லையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பாடத்திலும் குறை சொன்னார்கள்தான். எந்நேரமும் லத்தீன், பிரெஞ்சுக்கும் அறிவியலுக்கும் இடமில்லை என்று. பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கோ 16-ம் நூற்றாண்டிலிருந்தே எரிச்சல். சேசு சபையார் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு வயிறு எரியாதா? ஆனால் கதவைச் சாத்தவைத்தது ஒரு கடன் வழக்கு.

கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த மார்த்தினிக் தீவில் சபையின் உள்ளூர்த் தலைவராக இருந்த லவலெத் பாதிரியார், அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தி, வியாபாரத்தில் இறங்கினார். 1755-ல் சரக்குக் கப்பல்களை ஆங்கிலேயர் பிடித்துக்கொள்ள, வியாபாரம் மூழ்கியது. அவருக்குக் கடன் கொடுத்திருந்த மார்செய் துறைமுக வணிகர்கள் பணத்தைக் கேட்டார்கள். "அது அவர் கடன், சபைக்குச் சம்பந்தமில்லை" என்றது சபை. சரி, அதோடு நின்றிருக்கலாம். வேறு நீதிமன்றம் போக உரிமை இருந்தும், பாரிஸ் பார்லெமானிடம் (நாடாளுமன்றம் அல்ல, அந்தக் கால உயர் நீதிமன்றம்) மேல்முறையீடு செய்தார்கள். அங்கே நீதிபதிகளில் பலர் ஜான்சனிஸ்ட் சார்பினர்; கத்தோலிக்கத்துக்குள்ளேயே சேசு சபைக்குப் பரம்பரை எதிரிகள். எனக்கு இன்றும் புரியாத அசட்டுத் துணிச்சல் இது!

வழக்கு நடக்கும்போதே சபையின் விதிநூலைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்கள். ரோமில் இருக்கும் தலைவருக்கு முழுக் கீழ்ப்படிதல் என்று இருந்தது. அப்படியானால் பிரெஞ்சுப் பிள்ளைகள் யாருக்கு விசுவாசமாக வளர்வார்கள்? இந்தக் கேள்விதான் பள்ளிகளைக் கவிழ்த்தது. 1761 மே மாதம் கடன் முழுதும் சபை தலையில் விழுந்தது. 1762 ஏப்ரலில் பள்ளிகள் மூடப்பட்டன. 1764-ல் மன்னரும் சபையைக் கலைத்து ஆணையிட்டார்.

அரசே கல்வி தரவேண்டும் என்று 1763-ல் லா ஷலொத்தே என்ற வழக்கறிஞர் நூல் எழுதினார். புரட்சிகரமாகத் தெரிகிறதா? உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தும் வாசிப்பும் தேவையில்லை என்றும் அதே நூல் சொல்கிறது. உழவர்களைப் படிப்பிலிருந்து விலக்கியதற்கு வால்டேர் நன்றி சொல்லிக் கடிதமே எழுதினார். சபையாரை விரட்டியவர்கள் எல்லாரும் ஏழைக்காகப் போராடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் வந்தது ஆசிரியர் பஞ்சம். அதைச் சமாளிக்க 1766-ல் போட்டித் தேர்வு வைத்தார்கள். அக்ரெகாசியோன் என்ற அந்தப் பெயரில் பிரான்ஸில் இன்றும் ஆசிரியர் தேர்வு நடக்கிறது.