செடி வளர்ந்தால்தான் வடிகட்டும்: பெங்களூரு வாசகர்களின் மீன்தொட்டிக் கேள்விகள்

இரண்டடித் தொட்டியில் எட்டு கப்பி மீன்கள், ஹார்ன்வொர்ட் செடி நிறைய. தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. ஃபில்டரை எடுத்துவிடலாமா?
– வாசகி, அல்சூர்

அவசரப்படாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு, ஆனால் அதற்கு நிறமே இல்லை; தெளிவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. செடிகளோ அம்மோனியத்தை (நீரில் அம்மோனியா எடுக்கும் இன்னொரு வடிவம்) நேராக உறிஞ்சித் தண்டாகவும் இலையாகவும் ஆக்கிக்கொள்கின்றன. ஆக, செடி எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் வடிகட்டும்.

ஹார்ன்வொர்ட்டுக்கு வேர் கிடையாது. உடம்பு முழுவதும் வாய்தான். நுனி இளம்பச்சையாக நீண்டுகொண்டே போனால் வேலை நடக்கிறது என்று பொருள். அடித்தண்டு பழுத்து ஊசியிலைகள் உதிரத் தொடங்கியதும், அந்தப் பகுதியை வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள். தொட்டியிலேயே அழுகவிட்டால் உறிஞ்சியதெல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும். கத்தரிக்கோல் எடுக்க மனம் வராதவர்களுக்குச் செடித்தொட்டி சரிப்படாது.

தண்ணீர்ப் பரிசோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால் எட்டு மீன்களுக்குச் செடியே போதும். ஆனால் குட்டி போட்டுப் பெருகும் கப்பி எட்டோடு நிற்குமா? சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று ஓடட்டும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வாங்கி நட்டேன். அடியில் அழுகுகின்றன.
– வாசகர், சிவாஜிநகர்

கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்திருப்பீர்கள். வெளியே எடுத்துக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். அழகான செடிகள்தான், மெதுவாக வளர்வதால் வடிகட்ட இவற்றை நம்ப வேண்டாம்.

மணி பிளான்ட்டைத் தொட்டியில் விடலாமா?
– வாசகர், ஜெயநகர்

தாராளமாக. மண்ணைக் கழுவிவிட்டு வேர் மட்டும் நீரில் இருக்கும்படி விளிம்பில் செருகுங்கள். இலைகள் வெளிக்காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுப்பதால் வேகமாக வளர்ந்து நைட்ரேட்டை இழுக்கும்.

செடிகள் அடர்ந்த பிறகு, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.
– வாசகி, ஒயிட்ஃபீல்ட்

மூச்சு முட்டுகிறது. விளக்கு அணைந்ததும் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். பாக்டீரியாவும் பங்குக்கு வரும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோதும் ஆக்சிஜன் குறைவே காரணமாகச் சொல்லப்பட்டது. மிதக்கும் செடிகளில் பாதியை இன்றே அள்ளிவிடுங்கள். இரவு முழுவதும் காற்று பம்பு ஓடட்டும்.

எங்களுக்கு போர்வெல் தண்ணீர்தான். மீனுக்கும் செடிக்கும் ஆகுமா?
– வாசகர், பன்னேர்கட்டா சாலை

போர்வெல்லின் கடின நீர் கப்பிக்கும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடிக்கும் ஒத்துப்போகும். உப்பிட்டு இயங்கும் சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) வழியாக வரும் நீரைத் தவிர்த்து, அதற்கு முன்னுள்ள குழாயிலிருந்து பிடியுங்கள். காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் நச்சும் கூடும்; ஆகவே புதிய மீன்களை ஒரேயடியாக விடாமல், இரண்டிரண்டாக, வார இடைவெளியில் சேருங்கள்.