செக்ரோல் பேரை விட்டுவிட்டு மலையை எடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 47 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு கம்பனித் தோட்டத்தில் 26 வருடமாகச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவில், பேர் உள்ள தொழிலாளி. இப்போது அவுட்குரோவர் முறை என்று சொல்லி, குடும்பத்துக்கு ஒரு மலை, அதாவது 1500 தேயிலைச் செடி உள்ள துண்டு, பிரித்துத் தருகிறார்கள். நாமே பராமரித்து, கொழுந்தைத் தோட்டத்து ஃபெக்டரிக்கே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு 110 ரூபா. உரம், மருந்துச் செலவை அதில் கழிப்பார்களாம். நாட்சம்பளம் இனி இல்லை. பக்கத்து லயத்து வீடுகளில் மூன்று குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன, முதல் மாதம் நல்ல காசு என்கிறார்கள். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு என்ன சொல்வது?

பதில்: தம்பி, 110 என்று கேட்டதும் அம்மா மனதில் ஓடியிருக்கும் கணக்கு இதுதான்: 2025இல் இருந்த நாள் அடிப்படைச் சம்பளம் 1350, நோர்ம் (ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவு) 18 கிலோ என்றால் கிலோவுக்கு 75 ரூபாதான் விழுகிறது. அங்கே 110. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. ஒரு பேருக்குள், அதாவது செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலைக்குள், 1350 மட்டும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் தன் பங்காக 12 வீதம் கட்டுகிறது, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 202 ரூபா 50 சதம். (அம்மாவிடம் பிடிக்கும் 8 வீதம் அவருடைய காசுதான், அதை விட்டுவிடுவோம்.) இதோடு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேர்கிறது. அம்மா வருடத்தில் 240 நாள் வேலைக்குப் போனால், அது நாளுக்கு ஏறக்குறைய 79 ரூபா. மொத்தம் 1631. பதினெட்டால் பிரித்தால் கிலோவுக்கு 91 ரூபா.

2025 நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தை 1550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா தருவதாகவும் முன்மொழிந்தார்கள். 1550ஐப் போட்டுப் பார்த்தால் இதே கணக்கு 104க்குப் போகிறது. அந்த 200ஐ நான் சேர்க்கவில்லை. பேரே விழாத ஆளுக்கு எந்த வரவைப் பார்த்துக் காசு கொடுப்பார்கள் என்பதை நீங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள். அம்மாவின் சம்பளத் துண்டில் அடிப்படை என்று என்ன போட்டிருக்கிறதோ, அதை எடுத்து இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போடுங்கள். நோர்ம் வேறாக இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இனி 110இல் உரமும் மருந்தும் கழிய வேண்டும். கிலோவுக்கு 20 ரூபா கழிந்தாலே 90க்கு வந்துவிட்டோம். செக்ரோலில் புல்லு வெட்டினாலும் ஒரு பேர் கிடைக்கிறது. சொந்த மலையில் அப்பா பின்னேரம் போய் வெட்டும் புல்லுக்கு யாரும் பேர் போடுவதில்லை. குடும்பமாகப் போகிறோம் என்றால் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்பதையும் எண்ண வேண்டும். பக்கத்து லயத்துக்காரர்கள் அதை எண்ணினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சேவைக்காலப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரிய தொகை கைநழுவும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். எந்தச் சம்பளம்? கடைசியாக வாங்கிய சம்பளம். 1999இல் அம்மா எவ்வளவு வாங்கினார் என்பது கணக்கிலேயே வராது. 26 வருடத்துக்கு 364 நாள். 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ரூபா. அந்தச் சம்பளத்தில் விலகியிருந்தால் 2,54,800. 1350இல் விலகினால் 4,91,400. ஐம்பது வயதுவரை நின்று, 29 வருடத்தோடு 1550இல் விலகினால் 6,29,300. சம்பளம் ஒருமுறை ஏறும்போது பழைய வருடங்கள் எல்லாம் சேர்ந்து ஏறுகின்றன. பேரை வெட்டிய நாளோடு அந்த ஏற்றம் நின்றுவிடும்.

சேமலாப நிதி அப்படி இல்லை. இதுவரை கட்டியது எங்கும் போகாது, வட்டியோடு கிடக்கும். வேலையை விட்ட பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

கிலோக் கணக்குச் சம்பளத்தைப் பற்றிப் பொருளாதார ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அதிகம் பேசப்படுவது எட்வர்ட் லேசியர் 2000இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் காருக்குக் கண்ணாடி மாற்றும் ஒரு கம்பனி, மணிச்சம்பளத்தை விட்டுக் கண்ணாடிக் கணக்குக்கு மாறியது. ஓர் ஆள் செய்யும் வேலை 44 வீதம் கூடியது. அதில் ஏறக்குறைய பாதிதான் இருந்த ஆட்களே கூடுதலாகச் செய்தது. தோட்டத் துரைமார் கூட்டங்களில் இந்த மாதிரி எண்களைச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: அந்தக் கம்பனி பழைய மணிச்சம்பள அளவுக்கு ஓர் உத்தரவாதத்தை வைத்துக்கொண்டுதான் மாறியது. வேலை குறைந்த வாரத்திலும் ஆள் அதற்குக் கீழே போகமாட்டார். உங்கள் அம்மாவுக்குக் காட்டும் தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறதா?

நமக்குக் கிட்டத்தில் உள்ளது இந்தியத் தேயிலைத் தோட்டம் ஒன்றைப் பற்றி ராஜ்ஸ்ரீ ஜெயராமன், தேப்ராஜ் ராய், பிரான்சிஸ் தெ வெரிகூர் ஆகிய மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே அரசாங்கம் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டியது. கிலோவுக்கான ஊக்கத்தொகை கூடவில்லை, சிலருக்குக் குறைந்தது. ஆனாலும் அடுத்த மாதம் கொழுந்து 20 முதல் 80 வீதம் வரை கூடியது. பின்வந்த மாதங்களில் அந்தக் கூடுதல் முழுவதும் கரைந்து, பழைய அளவுக்கே வந்துவிட்டது. இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் பக்கத்து லயத்தின் ‘முதல் மாதம் நல்ல காசு’தான். முதல் மாதத்தை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வரண்ட காற்றும் கொழுந்தைக் குறைக்கும், ஏப்ரல் மே மாதங்களில் கூடை நிறையும், அதன் பிறகு கடும் மழை. அவர்கள் எந்த மாதத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் கவ்வாத்து. மலையில் உள்ள செடிகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும், வெட்டினால் மாதக்கணக்கில் கொழுந்து இல்லை. செக்ரோலில் இருப்பவரை அந்த நேரம் வேறு மலைக்கு அனுப்புவார்கள், பேர் விழும். 1500 செடியும் ஒரே மலையில் வைத்திருப்பவருக்கு வேறு மலை இல்லை. மழை, கவ்வாத்து, ஏல விலை, உரம் என்று இதுவரை தோட்டம் சுமந்ததை எல்லாம் இனி உங்கள் வீடு சுமக்கும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள், அதே வருட நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனாலும் நாட்டின் தேயிலை உற்பத்தி அந்த வருடத்தின் சுமார் 30 கோடி கிலோவிலிருந்து அடுத்த வருடம் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. பாதுகாப்பாகச் சாய்ந்துகொள்ள வேறு வருமானம் இல்லாதவர் இப்படி ஒரு சுமையை எடுப்பதென்றால், அதற்கு விலை கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

விலையை யார் வைக்கிறார்கள்? பறித்த கொழுந்து அன்றே ஃபெக்டரிக்குப் போக வேண்டும், ஒப்பந்தப்படி ஒரே ஃபெக்டரிக்கு. வாங்குபவர் ஒருவர்தான் என்றால் விற்பவரின் விலை அடிபடும் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933இலேயே விளக்கிவிட்டார். பதிவுபெற்ற சிறுதோட்டக்காரருக்காவது ஒரு சூத்திரம் இருக்கிறது: ஃபெக்டரிக்குக் கிடைக்கும் ஏல விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஃபெக்டரிக்கு. தேயிலை கிலோ 1200க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோ கொழுந்துக்கு 21.5 கிலோ தேயிலை. அப்படியென்றால் ஒரு கிலோ கொழுந்துக்கு 175 ரூபா. உங்களுக்கு 110. இடையில் உள்ள 65 ரூபா செடிக்கும் காணிக்குமான வாடகை. வாடகை வாங்குவதில் பிழையில்லை, எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு. ஏல விலை ஏறினால் 110உம் ஏறுமா என்று கேளுங்கள்.

முறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டாம், கங்காணியின் ஏச்சு இல்லை, தன் மலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். இதை விரும்பும் பெண்களோடு நான் பேசியிருக்கிறேன். முப்பது வயதில், கைவேகம் உள்ள, சேவைக்காலம் அதிகம் சேராத குடும்பத்துக்கு நல்ல மலை கிடைத்தால் சரிவரலாம். 47 வயதில், 26 வருடத்தைத் தூக்கி வைத்துவிட்டு இறங்க வேண்டிய இடம் இது இல்லை.

எனவே அம்மாவின் பேர் செக்ரோலில் இருக்கட்டும். மலை வேண்டும் என்றால் அப்பா பேரிலோ, வீட்டில் வேறு ஆள் பேரிலோ எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எல்லோரும் மாற வேண்டும் என்று நிர்வாகம் நின்றால், கையெழுத்துக்கு முன் தமிழில் எழுதிய ஒப்பந்தம் கையில் வர வேண்டும். அதில் ஆகக் குறைந்த விலை, கவ்வாத்து மாதங்களுக்கான ஏற்பாடு, லயத்து வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமை மூன்றும் இருக்க வேண்டும். அம்மாவின் சேவை எந்தத் தேதியில் முடிகிறது என்று தனிக் கடிதம் வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் சேவைக்காலப் பணம் கொடுபட வேண்டும். முடிந்தது என்றும் சொல்லாமல், தொடர்கிறது என்றும் சொல்லாமல் இழுப்பதுதான் ஆபத்து. அப்படி இழுத்தால் சங்கத் தலைவரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், மாவட்டத் தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

எதுவானாலும் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் கூற்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். ஒன்றில் ராஜம்மா, மற்றதில் ராசம்மா என்று இருந்தால் அதைத் திருத்த மாதங்கள் போகும். ஐம்பது வயதாகும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.