மெட்டியைக் கழற்றிவிட்டுப் போங்கள்: ஜப்பான் பயணம் – கேள்வி பதில்

பதினான்கு ஆண்டுகளாகக் கியூஷூத் தீவின் குமமோட்டோ நகரில் வசிக்கிறேன். டோக்கியோவைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எரிமலை, வெந்நீர் ஊற்று, ரயில், பஸ் இவற்றைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விசாவும் செர்ரிப் பூ மலரும் தேதியும் என் கையில் இல்லை.

மதுரையிலிருந்து ஒரு தம்பதி: அக்கா, எங்களுக்குப் பத்து நாள் இருக்கிறது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, ஹொக்கைடோ, அதோடு ஓர் எரிமலையும் பார்க்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

இதைத் திட்டமிட முடியாது. பாதி நாள் ரயிலில் கழியும், மீதி நாள் பெட்டியைக் கட்டுவதில் போய்விடும். எரிமலைதான் ஆசை என்றால் டோக்கியோவை மறந்துவிட்டு நேராகக் கியூஷூவுக்கு வாருங்கள்.

ஃபுக்குவோக்காவில் இறங்கி ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் குமமோட்டோ. அங்கிருந்து ஹோஹி பாதையில் ஆசோவுக்கு ரயில். வழியில் தாதேனோ என்ற நிலையத்தில் ரயில் நின்று, வந்த திசைக்கே பின்னோக்கிப் போய், மறுபடி முன்னோக்கி ஏறும். மலைச்சரிவை 'இசட்' வடிவில் ஏறுகிற பழைய உத்தி. ஏறி முடித்ததும் இரு பக்கமும் வயல்கள், வீடுகள், பள்ளிக்கூடம். எரிமலை எங்கே என்று தேடுவீர்கள். நீங்கள் அதற்குள்ளேதான் இருக்கிறீர்கள். சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் தரை உள்வாங்கியதால் உண்டான பள்ளம் அது. வடக்குத் தெற்காக 25 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 18. அதற்குள் ஐம்பதாயிரம் பேர் அளவில் குடியிருக்கிறார்கள். நடுவே ஐந்து சிகரங்கள். அவற்றில் நகாதாகே மட்டும் இன்றும் புகைகிறது.

ஆசோ நிலையத்திலிருந்து பஸ்ஸில் மேலே போகலாம். கூசாசென்ரி புல்வெளியில் இறங்கிக் குதிரைகளைப் பாருங்கள். பிறகு எரிமலை வாய். இதற்கு ஒரு முழு நாளையும், மறுநாள் காலையையும் ஒதுக்குங்கள். ஏனென்றால் காற்று திரும்பினால் கந்தக வாயு உங்கள் பக்கம் வரும், உடனே வழியை மூடிவிடுவார்கள். எத்தனையோ முறை விருந்தாளிகளை அழைத்துப் போய், தடுப்புக் கம்பியைக் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வீட்டில் ஆஸ்துமா, இதய நோய், மூச்சுக்குழல் கோளாறு யாருக்காவது இருந்தால் அவர்கள் வாய்ப்பகுதிக்குப் போகவே கூடாது. அறிவிப்புப் பலகையிலும் எழுதியிருக்கிறது. 1990களில் அந்த வாயுவால் பயணிகள் இறந்திருக்கிறார்கள்.

அடுத்து குரோகாவாவில் ஓர் இரவு. ஆற்றங்கரை ஊர், மரத்தாலான வட்டச் சீட்டு ஒன்றை வாங்கினால் மூன்று விடுதிகளின் வெந்நீர்த் தொட்டிகளில் குளிக்கலாம். பிறகு பஸ்ஸில் பெப்பு என்ற வெந்நீர் ஊற்று நகரத்துக்கு. அந்தப் பஸ் நாளுக்குச் சில தடவைதான் ஓடும், முன்பதிவு செய்யாமல் நிற்காதீர்கள். பெப்புவில் இரண்டு இரவு. கொகுரா வழியாகச் சுற்றிக்கொண்டு ககோஷிமா, அங்கே சகுராஜிமா எரிமலை. இதற்கே எட்டு நாள் ஆகும். மீதி இரண்டு நாள் மழைக்கும் வாயுவுக்கும்.

கோவை வாசகர்: ஜப்பான் முழுவதும் ரயிலில் போகலாம் என்கிற ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா?

2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்செனில் ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000. போய் வந்தாலும் 28,000தான். நீங்களே கூட்டிப் பாருங்கள். கியூஷூ மட்டும் என்றால் அந்தத் தீவுக்கென்று தனி பாஸ் உண்டு.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை: மேடம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஒன்சென் என்கிற வெந்நீர் ஊற்றுத் தொட்டியில் நீச்சலுடை போட்டுக்கொள்ளலாமா?

கூச்சமே வேண்டாம், எனக்கும் முதல் ஆண்டு இதே கேள்விதான். கூடாது. துண்டைக்கூட நீரில் நனைக்கக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. வாசலில் நீலத் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு, எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் காலையும் மாலையும் திரையை மாற்றிப் போடுவார்கள். நேற்று போன கதவு என்ற நினைப்பில் இன்று நுழைந்துவிடாதீர்கள்.

உள்ளே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தலை முதல் கால் வரை கழுவிய பிறகுதான் தொட்டி. தொட்டி அழுக்குப் போக்க அல்ல, ஊறுவதற்கு. நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: தலையில் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு முழுவதும் போக்கிவிடுங்கள். நீளமான கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள்.

கூச்சம் தீராவிட்டால் 'கஷிகிரி' என்று கேளுங்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு உங்கள் குடும்பத்துக்கு மட்டும் திறந்துவிடும் தொட்டி. ககோஷிமாவுக்குத் தெற்கே இபுசுக்கியில் மணல் குளியல் இருக்கிறது. யுகாதா என்ற பருத்தி அங்கியை உடுத்தியபடியே படுத்தால் சூடான கடற்கரை மணலை உங்கள் மேல் அள்ளிப் போடுவார்கள். கால் மட்டும் நனைக்கும் தொட்டிகள் ஊருக்கு ஊர் உண்டு; சகுராஜிமாக் கரையில் ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்தில் ஒன்று, இலவசம்.

இன்னொன்று, இதை எல்லாரும் படியுங்கள். வெள்ளி நகைகளைக் கழற்றிவிட்டுப் போங்கள். கந்தக நீரில் மெட்டியும் கொலுசும் நிமிடங்களில் கறுத்துவிடும். 22 காரட் தங்கத்திலும் செம்பு கலந்திருப்பதால் மங்கக்கூடும்.

திருநெல்வேலி வாசகர்: பெப்புவின் நீல 'நரகத்தில்' எத்தனை மணி வரை குளிக்கலாம்?

அதில் குளித்தால் ஒரே ஒரு தடவைதான் குளிக்க முடியும். வெப்பம் ஏறத்தாழ 98 டிகிரி. 'நரகங்கள்' என்று அங்கே கொதிக்கும் ஊற்றுகளைச் சொல்வார்கள்; அவை பார்ப்பதற்கு மட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம் அக்கா. பட்டினிதானா?

இல்லை, ஆனால் கவனம் வேண்டும். காய்கறி மட்டும் மிதக்கிற தெளிந்த ரசம் போலத் தெரியும். அதன் அடிப்படையே 'தாஷி', அதாவது பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து எடுத்த சாறு. "சைவம்" என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுப் பரிமாறுவார்கள், மனதார உதவி செய்வதாக நினைத்து. ஆகவே இதைச் சொல்லிப் பழகுங்கள்: "நிக்கு மோ, சகானா மோ, தாஷி மோ தாபெராரெமாசென்." இறைச்சி, மீன், தாஷி மூன்றும் சாப்பிட முடியாது என்று பொருள்.

பெப்புவின் கன்னாவாப் பகுதிக்குப் போனால் கவலையே இல்லை. தரையிலிருந்து வரும் நீராவியிலேயே கூடைகளில் வைத்து அவித்துக்கொள்ளலாம். சர்க்கரைவள்ளி, பூசணி, மக்காச்சோளம் என்று வாங்கிப் போய் நீங்களே அவியுங்கள். ஊரிலிருந்து ஒரு பொட்டலம் இட்லிப்பொடி கொண்டுவந்தால் நானும் வந்துவிடுவேன். கோயாசான் மலையின் புத்த மடங்களில் தங்கினால் முழுச் சைவ விருந்து கிடைக்கும், ஆனால் அது கியூஷூவில் இல்லை.

சென்னையிலிருந்து ஒரு பொறியாளர்: ஆசோவுக்கு இவ்வளவு எச்சரிக்கை தேவையா? ஜப்பானில் எரிமலை எச்சரிக்கை நிலை 1 முதல் 5 வரை இருக்கிறது. நிலை 1 என்றால் பாதுகாப்பு. அதைப் பார்த்துவிட்டுப் போனால் போதுமே.

இல்லை. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலையுதிர்காலம், நல்ல வெயில். ஒன்டாகே மலையின் உச்சியில் நண்பகல் உணவுக்காகக் கூட்டம் உட்கார்ந்திருந்த நேரம். 11:52க்கு மலை வெடித்தது. 58 பேர் இறந்தார்கள், ஐந்து பேர் கிடைக்கவே இல்லை. அன்று அந்த மலைக்கு எச்சரிக்கை நிலை 1. அப்போது நிலை 1க்கு எழுதியிருந்த விளக்கம் 'வழக்கமான நிலை'. அடுத்த ஆண்டே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் கொள்க' என்ற பொருளில் மாற்றினார்கள். சொல்லை ஏன் மாற்றினார்கள்? உங்களைப் போலவே எல்லாரும் படித்ததால்தான்.

திருச்சியிலிருந்து நிலவியல் மாணவி: ஆனால் 2000இல் உசு மலை வெடிக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்களே, மேடம்?

அருமையான கேள்வி. மார்ச் கடைசியில் நில அதிர்வுகள் தொடங்கின, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள், 31ஆம் தேதி வெடித்தது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. உசுவில் பாறைக்குழம்பு மேலேறும்போது பாறைகளை உடைத்துக்கொண்டு வருகிறது. அதனால் முன்கூட்டியே நிலம் அதிர்ந்து காட்டிக்கொடுக்கிறது. ஒன்டாகேயில் குழம்பு வரவில்லை. நிலத்தடி நீர் சூடேறி ஆவியாகி, குக்கர் மூடி எகிறுவது போல வெடித்தது. அதற்கு அப்படித் தெளிவான முன்னறிவிப்பு இல்லை.

உசுவின் பக்கத்திலேயே ஷோவா ஷின்சான் என்ற மலை நிற்கிறது. 1943 வரை அது கோதுமை வயல். இரண்டு ஆண்டுகளில் மலையாக எழுந்தது. போர்க்காலம் என்பதால் அரசு செய்தியை வெளியே விடவில்லை. உள்ளூர் அஞ்சலக அதிகாரி மிமாட்சு மசாவோ, ஒரே இடத்தில் அமர்ந்து, குறுக்கே கயிறு கட்டி, மலையின் விளிம்பு நாளுக்கு நாள் உயர்வதைக் கோடுகளாக வரைந்தார். பிறகு அந்த நிலத்தையே விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். அந்த வரைபடம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. ஹொக்கைடோ போனால் அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

அதே பொறியாளர்: ஒரே ஒரு நிகழ்வை வைத்துப் பயமுறுத்துகிறீர்கள். சாலை விபத்தில் இதைவிட அதிகம் பேர் இறக்கிறார்கள்.

ஒரே ஒன்று அல்ல. 2018 ஜனவரியில் குசாட்சு என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு மேலே மோட்டோ ஷிரானே எரிமலை வெடித்தது. பனிச்சறுக்கு நடந்துகொண்டிருந்த இடத்துக்கு அருகே. ஒருவர் இறந்தார். அங்கும் நிலை 1. எல்லாரும் பக்கத்து எரிமலை வாயைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, சாமி. நானே ஆண்டுக்கு நாலு முறை போகிறேன். காலையில் ஜப்பான் வானிலை ஆய்வு மையத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள், உச்சியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாப்பிடாதீர்கள், கான்கிரீட் புகலிடம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவைத்துக்கொண்டு பிறகு படம் எடுங்கள். சாலைக்கும் இதே கதைதான். நீங்கள் தலைக்கவசம் போடுகிறீர்கள் அல்லவா?

அதே பொறியாளர்: சகுராஜிமாவில் மக்கள் குடியிருக்கிறார்களே!

குடியிருக்கிறார்கள். 1955 முதல் ஏறக்குறைய இடைவிடாமல் வெடிக்கிற மலையின் காலடியில். ககோஷிமாவில் வானிலை அறிக்கையில் சாம்பல் எந்தப் பக்கம் போகும் என்று காற்றின் திசை சொல்வார்கள். சாம்பலை அள்ளிக் கட்டி வைக்கத் தனிப் பை கொடுக்கிறது நகராட்சி. 1914இல் வந்த குழம்பு கடலை நிரப்பித் தீவையே எதிர்க்கரையோடு ஒட்டிவிட்டது. குரோகாமியில் சாம்பலில் புதைந்த கோயில் நுழைவாயிலின் உச்சி மட்டும் இன்னும் தெரிகிறது, அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். இவர்கள் எச்சரிக்கையோடு வாழ்பவர்கள் ஐயா, எச்சரிக்கை இல்லாமல் அல்ல. படகில் கால் மணி நேரம்தான், நீங்களே போய்க் கேளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் மட்டும் வேண்டாம்.

ஈரோடு வாசகர்: ஒன்சென் நீர் எல்லாம் எரிமலையிலிருந்துதானே?

இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊற்றில் 25 டிகிரி இருந்தாலே ஒன்சென்தான். அந்தச் சூடு இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்று போதிய அளவில் இருந்தால் போதும். கோபேக்கு அருகில் அரிமாவில் பக்கத்தில் எரிமலையே கிடையாது, ஆனால் கொதிக்கிறது.

திண்டுக்கல் வாசகர்: ஜே.ஆர். பாஸ் லாபமா?

மேலே கோவைக்காரருக்குச் சொன்னது.

பெங்களூரிலிருந்து: டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு தொட்டியில் இறங்கலாமா?

சேலத்து ஆசிரியைக்குச் சொன்னது. டீ-ஷர்ட்டும் துணிதான். வேட்டியும் துணிதான். இனி எந்த உடையின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் இதே பதில்.

தஞ்சாவூர் வாசகர்: ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததாமே?

சுசுமு ஓனோ என்ற அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இங்கே ரயில் நேரம் கேளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: கியூஷூவில் கார் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவர வேண்டும். இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது உங்களுக்கு வசதி. ஆசோவின் வெளிவிளிம்பில் தைகன்போ என்ற இடத்துக்கு விடியற்காலையில் போங்கள். பள்ளம் முழுவதும் மேகம் நிரம்பி, ஐந்து சிகரங்கள் மட்டும் மேலே நிற்கும் நாள்கள் உண்டு.

விழுப்புரம் வாசகர்: நிலை 1 என்றால் பாதுகாப்பா?

மேலே. தயவுசெய்து மேலே.

நாமக்கல்லிலிருந்து: அம்மா, போன மாதம் குடும்பத்தோடு குசாட்சு போய் வந்தோம். உங்கள் எச்சரிக்கையை இன்றுதான் படிக்கிறேன். மாமியாரின் மெட்டி கரிக்கட்டையாகிவிட்டது. வீட்டில் பேச்சே இல்லை.

பதறாதீர்கள், வெள்ளி போய்விடவில்லை, மேலே சல்ஃபைடு படிந்திருக்கிறது. ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, மெட்டி தாளைத் தொடும்படி வையுங்கள். ஒரு கரண்டி சமையல் சோடாவைத் தூவி, கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு இறங்கும். போதாவிட்டால் இன்னொரு முறை. கல் பதித்த மெட்டியாக இருந்தால் இதைச் செய்யாமல் தட்டாரிடம் கொடுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள், அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள்.